மண் படாத வாக்கிங்

ஓய்வுபெற்ற இணை இயக்குநர் அரங்கநாயகம் தினமும் காலையில் தன் நாய் டியூக்கை வாக்கிங் அழைத்துப் போவார். அதாவது, தூக்கிக்கொண்டு போவார். பூங்கா மண் அதன் பாதத்தில் ஒட்டிவிடக் கூடாதாம். “நாயை நடக்க விடாதவன் நாய் வளர்க்கவே லாயக்கில்ல சார்” என்று எதிரில் வருகிறவர்களிடம் மூச்சிரைக்கப் பிரசங்கம் வேறு. டியூக்கின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தபடி பின்னால் நடக்கும் மனைவி சுலோசனா, சாமிக்குக்கூட தினமும் இப்படி ஊர்வலம் கிடையாது என்று நினைத்துக்கொள்வாள்.

நேற்று கால்நடை மருத்துவர், “கொழுப்பு இதயத்தை அமுக்குது. நடக்கலேன்னா ரொம்ப நாள் தாங்காது” என்றார்.

“ஒரு நாள்கூட வாக்கிங் தவறினதில்ல டாக்டர்!” அரங்கநாயகத்துக்கு இடுப்பு நன்றாக இளைத்திருந்தது.

இன்று எதிரே வந்த குடியிருப்புச் சங்கத் தலைவருக்குக் கும்பிடு போடுவதற்காக, டியூக்கை மனைவியின் கையில் கொடுத்தார். அவள் அதைத் தரையில் விட்டாள்.

“அடியே, மண்ணுடி!”

“மண்ணுதாங்க. நாய் அதுலதான் நடக்கும்.”

டியூக் தன் கால்களை யாரோ மறந்துவிட்டுப் போன சாமானைப் போலப் பார்த்தது. பிறகு அவரை அண்ணாந்து பார்த்து, முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கியது. அரங்கநாயகம் வெற்றிப் புன்னகையோடு குனிந்தார்.

சுலோசனா சங்கிலியைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.