பஞ்சர் ஆகாத டயர்

ரயில் எல்ல நிலையத்துக்கு வந்து ஒரு மணி நேரமாகியும் காரைக் காணவில்லை.

வில்லம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக நின்றார். ஹாலந்திலிருந்து இலங்கையைச் சுற்றிப் பார்க்க வந்தவர். அவர் மனைவி மார்கா மட்டும் ரயிலில் வாங்கிய இறால் வடையை நிம்மதியாகக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விருந்தாளிகளை நானுஓயாவில் ரயிலேற்றிவிட்டு, பெட்டிகளோடு மலைப்பாதையில் காரை ஓட்டிவந்து எல்லவில் காத்திருப்பது எங்கள் பக்கத்து டிரைவர்களின் வழக்கம். ரயில் அப்படி ஊரும். அதனிடம் தோற்பதற்கு ஒரு தனித்திறமை வேண்டும்!

"உங்க டிரைவர் எங்கேயாவது வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுக் குறட்டை விட்டுக்கிட்டிருப்பாரு. வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்" என்று ஒரு ஆட்டோக்காரர் நச்சரித்துக்கொண்டிருந்தபோது கார் வந்து நின்றது.

டிரைவர் உபதிஸ்ஸ இறங்கி ஓடிவந்தான்.

"மன்னிச்சிடுங்க சார். வெலிமடையில டயர் பஞ்சர்."

வில்லம் காரைச் சுற்றி வந்தார். குனிந்து நான்கு சக்கரங்களையும் பார்த்தார். பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி, மாற்று டயரைத் தடவினார். விரலில் தூசு அப்பியது. அது இடத்தைவிட்டு அசைந்து பல மாதம் இருக்கும்.

"முப்பது வருஷம் கராஜ் நடத்தினவன் நான். என்கிட்டயே டயர் கதையா?"

ஆட்டோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "போயும் போயும் இவர்கிட்டயா மாட்டிக்கிட்டே, மச்சான்!"

உபதிஸ்ஸ தலையைக் குனிந்துகொண்டான்.

"லேட்டானதுக்கு எனக்குக் கோபமில்ல. பொய் சொன்னீங்க பாருங்க, அதுதான் பொறுக்கல" என்றார் வில்லம். "சாயங்காலம் உங்களைப் பத்தி நெட்ல எழுதப்போறேன். எங்க போனீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க, அஞ்சு நட்சத்திரம் போடறேன். இல்லேன்னா ரெண்டுதான்."

அந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் கம்பெனி அடுத்த சீசனுக்கு டிரைவர்களைக் கூப்பிடும். உபதிஸ்ஸவுக்கு இதுவரை எல்லாமே அஞ்சு. ஒரு ரெண்டு விழுந்தால் சீசன் முழுக்க வீட்டில் உட்கார்ந்து பெண்சாதிக்குப் பலாக்காய் வெட்டிக்கொடுக்க வேண்டியதுதான்.

"பஞ்சர்தான் சார்" என்றான் மறுபடியும்.

சரியான அழுத்தக்காரன்.

கார் பதுளைப் பக்கம் கிளம்பியது. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"விடுங்க வில்லம்" என்றாள் மார்கா. "அஞ்சு நாளா நம்மளைக் குழந்தை மாதிரி பாத்துக்கிட்டாரு. என் செருப்பு அறுந்தப்போ அவரே உட்கார்ந்து தைச்சுக் கொடுக்கலியா?"

"செருப்பு வேற, நேர்மை வேற."

மார்கா பெருமூச்சு விட்டு முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ரயில்ல உட்கார்ந்து உட்கார்ந்து வலி உயிர்போகுது. அதுல இந்தக் குளிர் வேற."

வில்லமின் முகம் சட்டென்று மலர்ந்தது. பையைத் திறந்து, கம்பளி உறை போட்ட சுடுதண்ணிப் பையொன்றை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இது நுவரெலியா ஹோட்டல் கட்டில்ல இருந்ததாச்சே!"

"ஆமா. முதுகுக்கு இதமா இருக்கு, தூக்கம் நல்லா வந்துச்சுன்னு நீதானே சொன்னே?"

"கேட்டுட்டா எடுத்தீங்க?"

"அவ்வளவு பெரிய ஹோட்டல்ல இதைப் போய் யார் தேடப்போறாங்க? உபதிஸ்ஸ, ஒரு டீக்கடையில நிறுத்துங்க. இதுல சுடுதண்ணி வேணும்."

உபதிஸ்ஸ கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தான்.

தெமோதரைக்குக் கிட்ட ஒரு கடையோரம் கார் நின்றது. "நீங்க நனையாதீங்க சார், நான் கொண்டாறேன்" என்று பையை வாங்கிக்கொண்டு இறங்கினான்.

கடைக்காரர் கேத்திலைச் சரித்தபோது அவன் போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டான். நுவரெலியா ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் குசுமாவதி.

"தம்பி, நீ நல்லா இருக்கணும்! மானேஜர் வந்து அறையில ஒவ்வொரு சாமானா பாத்துட்டுப் போனாரு. சுடுதண்ணிப் பையைக் காணோம்னு நான் போன் பண்ணினதும் நீ கடையில வாங்கிக்கிட்டுத் திரும்பி ஓடிவந்து கொடுத்தியே புதுப் பை, அதைக் கட்டில் மேலேயே வச்சிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. இன்னொரு சாமான் காணாமப்போனா வீட்டுக்குப் போன்னு போன மாசமே சொல்லியிருந்தாரே, வேலை தப்பிச்சுது."

"சந்தோஷம்க்கா. நானும் நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன்."

"ஆனா அந்தப் பழைய பை எங்கதான் போச்சுன்னு தெரியல. உன்னோட வந்த விருந்தாளிங்க எடுத்திருப்பாங்களோ?"

உபதிஸ்ஸ நிரம்பிய பையை மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றினான். மூடியை இறுகத் திருகி, மேடம் உடுப்பு நனையாதபடி துண்டால் துடைத்தான்.

"சேச்சே, அவங்களா? நல்ல கேள்வி கேட்டே போ! சின்னதா ஒரு பொய் சொன்னாக்கூட அவருக்குப் பொறுக்காதுக்கா."