கதவு திறக்கிறது

கண்டியில் லிஃப்ட்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பனி அது. தானியங்கிச் சோதனை ஒன்றுக்குச் சிந்துஜா எழுதிய குறிப்பைப் பார்த்ததும் மேலாளர் ருஷ்திக்குக் கோபம் வந்தது.

“‘கதவு திறக்க வேண்டும்’ எண்டு எழுத வாணாம். ‘கதவு திறக்கிறது’ எண்டு உறுதியா எழுதுங்க.”

“திறக்கலேன்னா பொய்யாயிருமே சேர்?”

“‘வேண்டும்’ எண்டா கெஞ்சுற மாதிரி ஈக்கி. மாத்துங்க.”

அவள் மடியிலிருந்த கணினியில் மாற்றினாள். சோதனை ஓடி முடிந்து திரை பச்சையானது.

“பாஸ் சேர்.”

ருஷ்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது, காலையிலிருந்து இருவரும் மாட்டிக்கொண்டிருந்த லிஃப்டுக்கு வெளியே காவலாளி கத்தினார்: “கதவ உடைக்கிறோம்! ரெண்டு பேரும் ஒதுங்கி நில்லுங்க!”

“பாத்தீங்களா?” என்றார் ருஷ்தி. “‘உடைக்க வேண்டும்’ எண்டு அவர் சொல்லல்ல.”