முழுக்கைச் சட்டை

மனசு நிஜமாகவே சாமியிடம் இருந்தால் மட்டும் பச்சையாக எரியும் கைப்பட்டை வந்தபிறகு, திருவையாற்றில் சித்திரை வெயிலிலும் எல்லோரும் முழுக்கைச் சட்டைக்கு மாறிவிட்டார்கள். குருக்கள்கூடத்தான்.

பதினாறு வயது முடிவதற்குள் ஒருமுறையாவது பட்டை எரியாத பிள்ளைகள் ஒரு வருஷம் பக்தி முகாமில் இருக்க வேண்டும். வைத்தியலிங்கத்தின் மகள் அபரஞ்சிக்கு இன்னும் ஒரே வாரம்.

"ஒரு தேவாரமாவது மனசு வச்சுப் பாடேன்டி."

"பாடிட்டேன்ப்பா. உங்களுது எரியுதா?"

நாற்பது வருஷமாகத் தினமும் பூஜை செய்கிற வைத்தியலிங்கம் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மழை வந்தது. துணி எடுக்கப் போனவளைக் காணோமே என்று திட்டிக்கொண்டே மாடி ஏறினார். பாதி மடித்த போர்வையை அணைத்தபடி, காவிரியைத் தாண்டி வரும் மழையைப் பார்த்து நின்றிருந்தாள் அபரஞ்சி. துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவள் மணிக்கட்டில் பச்சை.

"என்னம்மா நினைச்சே?" என்றார் மெதுவாக.

"ஒண்ணும் நினைக்கலையேப்பா. ஏன்?"

அபரஞ்சி முகாமுக்குப் போகவில்லை. இப்போது வானம் இருட்டினால் துணி எடுக்க மாடிக்குப் போவது வைத்தியலிங்கம்தான். ஒருநாளும் காய்ந்த துணி கீழே வந்ததில்லை என்கிறாள் அவர் மனைவி. சட்டை இன்னும் முழுக்கைதான்.