நாலாவது கிண்ணம்

அந்தப் படவரிசையின் ஏழு பாகங்களும் சேர்த்துப் பதினேழு மணி நேரம் நாற்பது நிமிடம். அவற்றை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்க்க ஆசைப்பட்டு, அப்பா போன வாரம் கிளினிக்கில் அந்தப் படங்களின் நினைவை மட்டும் அழித்துக்கொண்டு வந்தார். ‘மட்டும்’ என்றுதான் படிவத்தில் இருந்தது.

வீடு திரும்பியதும் கூடத்துப் போட்டோவின் முன் நின்று அவர் ஒரு கேள்வி கேட்டார். அம்மா அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

இன்று திரையில் வில்லன் வந்ததும் அப்பா விசிலடித்துச் சிரித்தார். “ஏ அம்முணி, இவன் செத்துப்போயிருவானா?”

“சொல்லமாட்டேன் போங்கப்பா.”

மூன்று வருடத்துக்குப் பிறகு இன்றுதான் அவர் சிரிக்கிறார். அதைக் கெடுக்க மகள் நறுமுகைக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் பாகத்து இடைவேளையில் அப்பாவே பாப்கார்ன் பொரித்துக்கொண்டு வந்தார். தட்டில் நாலு கிண்ணங்கள்.

“பாரேன், கை பாட்டுக்கு நாலு போட்டிருச்சு. கிறுக்குப் புடிச்ச கை!” சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். நாலாவது கிண்ணத்தில் மட்டும் மிளகாய்ப்பொடி தூவியிருந்தது. வீட்டில் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை.

“இது யாருக்குக் கண்ணு?”

சொல்லாதே என்று அம்மா அவள் கையை அழுத்தினாள். அப்பா அந்தக் கிண்ணத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“அண்ணனுக்குங்கப்பா. இந்தப் படமெல்லாம் அவன்கூடத்தான் பாத்தீங்க. உங்களுக்கு ஒரு பையன் இருந்தான்.”