புது கார்டு வரைந்த படம்

கும்மிடிப்பூண்டி இரும்பாலை விபத்தில் செத்துப்போன அன்பு ஹெல்மெட் போடவில்லை என்று பாதுகாப்பு வீடியோவில் காட்டச் சொன்னது கம்பெனி. போட்டிருந்தான் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னதை வைத்து அன்புவின் அனிமேஷன் பொம்மைக்கு முதலில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை, வீடியோ செய்யும் ஸ்டூடியோவில் வேலை பார்த்த கிறிஸ்டினா கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு, காட்சியைப் படமாக வரைந்தெடுக்க ரெண்டர் போட்டாள்.

பழைய கிராபிக்ஸ் கார்டு என்றால் அவள் டீ குடித்து வருவதற்குள் வரைந்து முடித்துவிடும். புதிதாக மாட்டிய இந்தக் கார்டோ மதியச் சாப்பாடு தாண்டியும் ஒரு படம் தரவில்லை.

"இன்னாம்மா, புது கார்டு இப்டி பட்த்துக்கினு கீது?" என்றார் ஸ்டூடியோ ஓனர் ராஜவேலு.

"படுக்கல சார். எதையோ வரைஞ்சிக்கினேதான் கீது."

சாயங்காலம் படம் வந்தது. அன்பு தலையில் ஹெல்மெட் இருந்தது. சுற்றி நின்ற தொழிலாளி பொம்மைகள் எல்லாம் தங்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தன.