தகர விளிம்பு

பாப்பா தவழத் தொடங்கியதும் கொல்லையைச் சரிசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது. அப்பாவைப் போலவே நானும் மண்டி போட்டுத் தவழ்ந்து பார்த்தேன். பிள்ளையின் நெற்றி உயரத்தில் போனால்தான் எது இடிக்கும் என்று தெரியும் என்பார் அவர். துவைக்கிற கல்லின் முனையில் எனக்காகப் பழந்துணி சுற்றி, முடிச்சின் நுனியைப் பல்லால் கடித்து இறுக்குவார். நான் வளர வளரத் துணிகளும் குழாய்க்கு, ஜன்னல் கதவுக்கு என்று மேலேறின. சிநேகிதர்கள் சிரித்தார்கள். அவர் இறந்த பிறகுதான் அது நின்றது.

கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினேன். தொட்டிக்கு மூடி போட்டேன். நிமிர்ந்தபோது, போன மாதம் போட்ட கொட்டகையின் தகர விளிம்பு நெற்றியில் நங்கென்று இடித்தது.

“பாத்து எழுந்திருக்கக் கூடாதா?” என்று மனைவி ஐஸ் கட்டி வைத்தாள்.

மறுநாள் காலையில் பாப்பாவோடு கொல்லைக்குப் போனவள் அங்கிருந்தே சிரித்தாள்.

“ஏங்க, இவ்வளவு உயரத்துல எதுக்குத் துணி கட்டினீங்க? பாப்பா என்ன பறக்கவா போறா?”

போய்ப் பார்த்தேன். தகர விளிம்பில், சரியாக என் நெற்றி உயரத்தில், அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணி சுற்றியிருந்தது. வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்க, முடிச்சின் நுனி மட்டும் ஈரமாக இருந்தது.