சாப்பிட்டீங்களா?

நிறுவனம் ஒரே வருடத்தில் பத்து மடங்கு வளர்ந்தபோது, சப்ளையர்களுக்குப் பணம் அனுப்பும் பிரிவில் இருந்த மங்கையர்க்கரசியின் குரலை, தொலைபேசியில் பதில் சொல்லும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குரல் ஒரே நேரத்தில் நாலாயிரம் பேரிடம் பேசுகிறது. அவளுடைய பழக்கப்படியே, முதலில் "சாப்பிட்டீங்களாண்ணா?" என்று கேட்கும். பிறகு பணம் தரும் தேதியைத் தள்ளிவைக்கும்.

அவள் கணவன் பரணி அந்த நிறுவனத்துக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவன். பில் கொடுத்து ஐந்து மாதமாகிவிட்டது. அவனும் தினமும் அந்தக் குரலிடம்தான் கேட்க வேண்டும்.

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது, பட்டறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கு நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

"அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதியாம். கட்டின புருஷனையே அண்ணாங்குற."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"பட்டறை?"

"மூடிட்டேன். ஆளுங்கள வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

அவள் செருப்பைக் கழற்றினாள். கை கழுவினாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள், வரவில்லை. பக்கத்தில் போய் அவன் தோளைத் தொட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்ப எந்தத் தேதிக்குத் தள்ளப் போற?" என்றான்.